மூன்றாவது வளைவில் என் மச்சினன்

எங்கள் மலையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் கடைசியாக வருகிறவர், அடுத்த கடைசி ஆள் கிடைக்கும்வரை பாதையில் ஒரு வளைவாக இருக்க வேண்டும். போன மழைக்காலத்தில் என் மனைவியின் தம்பி சென்னியப்பன் கடைசியாக வந்தான். இப்போது அவன்தான் மூன்றாவது வளைவு.

நல்ல வளைவு என்று பெயர் வாங்கியிருக்கிறான். என் மனைவி பூங்கோதை ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு கொண்டுபோய் உள் ஓரத்தில் வைப்பாள். எல்லோரும் முதுகில் வந்து பிரேக் பிடிக்கிறார்கள் என்பதைத் தவிர அவனுக்குக் குறை எதுவும் இல்லை.

குறை எங்களுக்குத்தான். மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். ஆசாரியைப் பந்தயத்தன்று மாலைக்கே வரச் சொல்லியாயிற்று.

ஆகவே இந்த முறை நான் கடைசியாக வருவது என்று முடிவாயிற்று. வீட்டில் யாரும் அதைத் தியாகமாக எடுத்துக்கொள்ளவில்லை. என் சுபாவத்துக்குப் பொருத்தமான வேலை என்றே நினைத்தார்கள்.

பந்தயத்தன்று மழை கீழிருந்து மேலே பெய்தது. பாதை முழுக்கச் சேறு. மற்ற ஆறு பேரும் சைக்கிளில் கைகோத்தபடி கிளம்பினார்கள். ஒன்றாகக் கோட்டைத் தாண்டினால் யாரும் கடைசி இல்லை என்பது அவர்கள் கணக்கு. எனக்கு வசதியாகப் போயிற்று. பின்தங்கினால் போதும். எனக்குத் தெரிந்த ஒரே உத்தி அது.

மூன்றாவது வளைவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சேற்றில் உட்கார்ந்தேன்.

“எந்திரிங்க மச்சான்,” என்றது வளைவு. “ஓட்டுங்க.”

“நீ வெளிய வா மாப்ள. நான் இருந்துக்கறேன்.”

“அப்புறம் பந்தி யாரு பாக்கறது?”

“மாமன் இல்லாம காதுகுத்தே இல்லியேப்பா.”

“அக்கா புருசன ரோட்டுல போட்டுட்டு நான் மடி விரிச்சு உக்காந்தா ஊரு என்ன பேசும்?”

ஊர் பேசாது என்றேன். பேசும் என்றான். எங்கள் பக்கத்தில் மச்சினர்களுக்கு மரியாதை அதிகம். அதற்கு மேல் வாதாட விருப்பமில்லாமல் அவன் நிமிர்ந்து படுத்துவிட்டான். பாதை நேராகிவிட்டது.

நான் வழுக்கினேன். சைக்கிளும் கூடவே வந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். இரண்டும் கையோடு வந்தன. முன்னால் போன ஆறு பேரும் மணிச்சத்தம் கேட்டுக் கையை விட்டு வழிவிட்டார்கள். பிறகு மறுபடி கோத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக முதலாவதாக வந்தேன்.

பந்தயத்தை நடத்தும் ராக்கியப்பன் மாலை போட்டார். கடைசி யார் என்று கேட்டேன். ஒரே வரிசையில் வந்து சேர்ந்த ஆறு பேரையும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“ஆறு பேரும் ரெண்டாவதுங்க. கடைசின்னு ஆருமே இல்ல.”

அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று படம் எடுத்தார்கள்.

பூங்கோதை குழந்தையோடும் ஆசாரியோடும் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. நேராக மூன்றாவது வளைவுக்கு நடந்தாள். அங்கே வளைவு இல்லை. நீட்டிப் படுத்த சரிவு மட்டும் இருந்தது. இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“டேய் சென்னி. உக்காருடா.”

பாதை கொஞ்சம் யோசித்தது. ஓரத்து மரங்களைத் தள்ளி நிற்கச் சொன்னது. பிறகு மெதுவாகச் சம்மணம் போட்டது. ஈரமான, அகலமான மடி வந்தது. பூங்கோதை துண்டை விரித்துக் குழந்தையை உட்காரவைத்தாள். ஆசாரி குத்தினார். குழந்தை அழவில்லை. நான்காவது வளைவுவரை மலைதான் குலுங்கியது.

“அழுவாதடா,” என்று தம்பியை அதட்டினாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

தாய்மாமன் சீராகச் சேற்றிலிருந்து இரண்டு பெடலும் ஒரு ஹெல்மெட்டும் மேலே வந்தன. நான் பந்தி பார்த்தேன். ஆறு பேரும் கையை விட மறுத்ததால் ஊட்டிவிட வேண்டியிருந்தது. குழந்தை மடியிலேயே தூங்கிவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ராக்கியப்பன் விசிலோடு பாதையைப் பார்வையிட வந்தார்.

“மெதுவாப் பேசுங்க,” என்றது வளைவு. “புள்ள தூங்குது.”

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பந்தயத்தைப் பக்கத்து மலைக்கு மாற்றிவிட்டார்.