சாட்சியாக வரலாம்

சரோஜாதேவி கேசரித் தட்டோடு மொட்டைமாடிக் கதவில் மூச்சு வாங்க நின்றாள். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த தயாளினி ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"ஏட்டி தயா, ஃபாரின்காரன் உன்னைக் கூப்பிட்டிருக்கானாமே! உன் ஆபீஸ் பிள்ளை ஷாகிரா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? மாடியில குடியிருக்கியா, மலைமேல குடியிருக்கியா?"

"சொல்லலாம்னுதான்க்கா இருந்தேன்."

"இருந்தே, இருந்தே. வாயைத் திற."

வீட்டுக்காரி ஊட்டிய கேசரி நெய்யாக வழுக்கிக்கொண்டு போனது. போர் ஓய்ந்த நாடுகளில் அதற்குப் பிறகான வாழ்க்கையை ஆராயும் வரலாற்றாசிரியர்களை ஆண்டுதோறும் அழைத்துப் பத்து மாதம் தங்கவைக்கும் பல்கலைக்கழகம் அது. ஐரோப்பாவின் வடக்கே, பனி கொட்டும் ஊர். ஈழத்தில் ஊர் திரும்பிய குடும்பங்கள் தூர்ந்துபோன கிணறுகளை எப்படி மீட்டன என்பது தயாளினியின் ஆய்வு. திரும்பியவர்களிடம் தொலைபேசியில் மணிக்கணக்காகக் கேட்டு எழுதியது. அந்தக் கிணறுகளில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

"பாஸ்போர்ட்டுக்கு நம்ம வீட்டு அட்ரஸையே கொடு. போலீஸ் விசாரிக்க வந்தா நான் சொல்லுதேன், மண்டபத்துப் பிள்ளை, தங்கமான பிள்ளைன்னு" என்றாள் சரோஜாதேவி.

சொந்த ஊர் மண்டபம் என்று தயாளினி சொல்லியிருந்தது பொய்யில்லை. அங்கேதான் பிறந்தாள், ஈழ அகதிகள் முகாமில். முகாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் முன்பு இருந்த வீட்டில் முகாம் அட்டையைப் பார்த்த அன்று சாயங்காலமே அவளுடைய பை தெருப்படிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மேற்கு மாம்பலத்தில் இந்த அறை. இங்கே வந்ததிலிருந்து வீட்டுக்காரியின் தமிழைக் கேட்டுக் கேட்டுப் பேசினாள். அம்மாவோடு பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவாள்.

அகதிகளின் பிள்ளை என்பதால் இந்தியப் பாஸ்போர்ட் அவளுக்குக் கிடைக்காது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு வழியுண்டு, அலைய வேண்டும். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வர விடுவார்களா என்று கேட்டதற்கு எந்த அலுவலகத்திலும் நேராகப் பதில் வரவில்லை. ஒருவர் மட்டும் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "போறவங்க போறதுதாம்மா" என்றார்.

அன்று மாலை தொட்டிக்குப் பின்னால் நின்று, முகாமிலேயே இருந்த அம்மாவிடம் ஃபோனில் சொன்னாள்.

"போனா திரும்பி வரேலாது போல, அம்மா."

"அதுக்கென்ன, நீ போ பிள்ளை. படிச்ச படிப்புக்கு ஒரு விடிவு வேணுமெல்லே" என்றாள் அம்மா. "மாசம் மாசம் முகாமுக்குச் செக்கிங்குக்கு வந்து குடும்பம் குடும்பமாத்தானே பேர் கூப்பிடுவினம். என்ர பேருக்குப் பிறகு இனி ஆரைக் கூப்பிடுவினம் எண்டுதான் யோசிக்கிறன்."

கீழே தெருவில் ஒருவன் பழைய பேப்பர் கேட்டுக் கத்திக்கொண்டு போனான். அவன் போன பிறகும் அம்மா இணைப்பில்தான் இருந்தாள்.

அடையாறில் அவள் வேலை பார்த்த ஆய்வு மையத்தின் ஜவஹர் சாருக்கு மட்டும் எல்லாம் தெரியும். "உள்ளதை அப்படியே எழுதிடும்மா. அவங்க ஆராயறதே இதைத்தானே? அவங்களுக்குப் புரியாமலா போகும்?" என்றார்.

எழுதினாள். திரும்பி வர உறுதியில்லாத பாஸ்போர்ட்டை எடுக்கவில்லை என்பதையும் சேர்த்தாள். அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. மிகவும் வருந்துவதாகவும், பயண ஆவணம் இல்லாமல் தங்கள் நாட்டுச் சட்டம் இடம் தராது என்றும், அந்த இடம் வேறொருவருக்குப் போகிறது என்றும் பதில் வந்தது. அடுத்த பத்தி இன்னும் கனிவாக இருந்தது. உங்கள் வாழ்க்கையே எங்களுக்கு அரிய ஆதாரம், எங்கள் ஆய்வாளர்கள் முன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சாட்சியாக வரலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார், உங்கள் வீட்டுத் தமிழிலேயே பேசுங்கள்.

கிணறுகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

"போய் உட்காரும்மா. இதையும் விட்டா உன் பேரே அவங்களுக்கு மறந்துடும். அடுத்த வருஷம் ஏதாவது வழி பிறக்கலாம்" என்றார் ஜவஹர் சார். அந்த 'அடுத்த வருஷ'த்துக்காகத்தான் சரி என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை மையம் பூட்டியிருக்கும். மாடியில் ஃபோனில் பேசலாம், வீடியோ நிற்காது. வீட்டுக்காரியின் ஹாலில்தான் வைஃபை. அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று நம்பிப் போனால், சோபாவில் சரோஜாதேவி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எதிர்வீட்டு வேலம்மா, மடியில் முறுக்குத் தட்டோடு. இதையும் ஷாகிராதான் சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னா அழகா கீது பொண்ணு! பொட்டு வச்சிக்க, டிவில வரப்போறே" என்றாள் வேலம்மா.

"டிவி இல்லக்கா, சும்மா மீட்டிங். போரடிக்கும்" என்றாள் தயாளினி.

"அடிக்கட்டும். எங்க வீட்டுப் பிள்ளை வெள்ளைக்காரனுக்குப் பாடம் எடுக்குத நாளில நான் அடுக்களையிலயா கிடப்பேன்?" சரோஜாதேவி எழுந்து வந்து அவள் காதில் இருந்த இயர்ஃபோனைத் தானே உருவினாள். "இதைக் கழட்டு. நாங்களும் கேக்கணும்லா."

திரையில் முகங்கள் வந்துவிட்டன. கம்பளிச் சட்டைகள், புத்தக அலமாரிகள், ஒரு ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று ஏதோ ஒரு மரம். இந்நேரம் அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் தான் உட்கார்ந்திருக்க வேண்டியது என்று தயாளினி நினைத்துக்கொண்டாள். நரைத்த தலையோடு மொழிபெயர்ப்பாளரான அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்து சிரித்தாள். ஒலி முழுக்கத் திறந்திருந்தது.

"வணக்கம் பிள்ளை. அகதி முகாமில பிறந்த பிள்ளை எண்டு சொல்லிச்சினம். உங்கட முகாமில இருந்தே தொடங்குவமே?"

வேலம்மாவின் வாயில் முறுக்கு பாதியில் நின்றது. தயாளினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் அவளுடைய முகமும், தோளுக்குப் பின்னால் சோபாவும் தெரிந்தன. அந்தக் கட்டத்துக்குள் சரோஜாதேவி எழுந்தாள், பட்டுப்புடவை சரசரத்தது. தெருப்பக்கம் போனாள். தெருவுக்குக் கேட்காதபடி ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு வாசல் கதவையும் சாத்தினாள். ஹால் இருட்டிக்கொண்டு வந்தது. கதவில் வைத்த கையை எடுக்காமல், முகம் தெரியாமல், அவள் அங்கேயே நின்றாள்.

"பிள்ளை, கேக்குதே?" என்றது திரை.