பெட்டி வருடங்கள்

2006 மார்ச்சில், அப்பாவின் இருமலைக் கேட்ட குடும்ப வைத்தியர் அவரை ஓர் ஆய்வுக்கு அனுப்பினார். நெடுங்காலம் புகைத்தவர்களின் நுரையீரலை சி.டி. படம் எடுத்துப் பார்க்கிறார்கள். புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று. நாங்கள் இருக்கும் ரொம்மனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரயிலில் வந்தோம். வழியில் கதைக்கவில்லை. அம்மா இறந்த பிறகான இரண்டு வருடத்தில் அது பழகிவிட்டது.

நொர்வேஜிய மொழியில் மொழிபெயர்க்க நான். பன்னிரண்டு வயதிலிருந்து எல்லா அலுவலகங்களிலும் நான்தான்.

தாதி படிவத்தை எடுத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், எத்தனை வருடம்? நாளுக்கு ஒரு பெட்டி வீதம் ஒரு வருடம் புகைத்தால் அது ஒரு பெட்டி வருடம். இருபது பெட்டி வருடத்துக்குக் குறைந்தவர்களுக்குப் படம் இல்லை.

“கலியாணத்துக்குச் சாதகம் பாக்கிற மாதிரிக் கேக்கிறா,” என்றார் அப்பா.

“எத்தினை எண்டு சொல்லுங்கோ அப்பா.”

“எப்பவாவது ஒண்டு ரெண்டு. அதுவும் மீன் ஃபாக்டரியில வேலை செய்யேக்கை, குளிருக்கு.”

அப்பா என் முன்னால் ஒருமுறைகூடப் புகைத்ததில்லை. கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் போய் நிற்பார். ஏலக்காய் மென்றபடி திரும்பி வருவார். அவருடைய ஜாக்கெட்டைத் துவைக்கப் போடுவது நான். பைக்குள் எப்போதும் வெறும் பெட்டிகள் இருக்கும். வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். தாதி கணக்குப் போட்டாள். ஒரு பெட்டி வருடம்கூட வரவில்லை.

“நல்ல செய்திதானே,” என்று படிவத்தை ஓரமாக வைத்தாள்.

உண்மையை நானே சொல்லியிருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் இருபதைத் தாண்டும். ஆனால் நொர்வேஜிய மொழியில் எண்கள் அப்பாவுக்கு விளங்கும்; மாற்றிச் சொன்னால் தெரிந்துவிடும்.

“தொலைபேசியில் வேறு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட முடியுமா?” என்று தாதியிடம் கேட்டேன். “மகளுக்கு முன்னால் சொல்லமாட்டார்.”

மகள் என்ற சொல்லும் அவருக்கு விளங்கியது. மேசையைப் பார்த்தார்.

“நான் வெளியில நிக்கிறன் அப்பா. போனில வேற ஆக்கள் கதைப்பினம். உள்ளதைச் சொல்லுங்கோ.”

நாற்பது நிமிடம் கதவுக்கு வெளியே இருந்தேன். அப்பாவின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. ஒருமுறை சிரித்தார். அவ்வளவு நேரம் அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

“வியாழக்கிழமை படம் எடுக்கினமாம். ஒன்பது மணிக்கு.”

எத்தனை வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

“போனில வந்த பிள்ளை நல்லாக் கதைக்குது,” என்றார். “கதைக்கிறதைப் பாத்தா மன்னார்ப் பக்கம் போல. உன்ர அம்மாவைப் பற்றியும் சொன்னன்.”

“ஓ.”

“வியாழன் நீ லீவு எடுக்காதை. அந்தப் பிள்ளையையே கேட்டிருக்கிறன்.”

“ஓம் அப்பா.”

அவருக்குப் படம் எடுக்க நாள் கிடைத்துவிட்டது. அதற்காகத்தான் வந்திருந்தோம்.