இருமலுக்கு மேல் ஒரு சத்தம்

சிவனணைந்தபெருமாள் இருமினால், அருகில் இருப்பவர் உடனே ஒரு சத்தம் எழுப்ப வேண்டும். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத விதி இது. குழவியால் அம்மியைத் தட்டலாம்; கிணற்று வாளியைக் கல்லில் இடிக்கலாம்; இல்லாத கோழியை விரட்டலாம். இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டிலிருந்து எத்தனையோ சத்தங்கள் தெருவுக்குப் போயிருக்கின்றன. இருமல் ஒருமுறைகூடப் போனதில்லை.

அன்று காலை அவரை வீட்டின் முன்கூடமான பட்டாசாலையில் பெஞ்சின்மேல் கிடத்தித் தலைமாட்டில் விளக்கேற்றியிருந்தார்கள். சுற்றியிருந்த பெண்களின் அழுகை சற்று ஓய்ந்த நேரத்தில், வாசலில் நின்ற யாரோ ஒருவர் லொக்கென்று இருமினார். மூன்று காரியங்கள் ஒரே கணத்தில் நடந்தன. இறந்தவரின் தம்பி செல்லச்சாமி வெறுந்தெருவைப் பார்த்து, "ஏலே, அங்கன யாருலே?" என்று கத்தினான். அடுக்களை நிலையோரம் நின்ற மகள் முப்பிடாதி கையிலிருந்த தட்டத்தை நழுவவிட்டாள். கணவரின் காலருகே தலைவிரித்து உட்கார்ந்திருந்த நாச்சியாரின் கை, பக்கத்திலிருந்த பித்தளைச் செம்பை எடுத்துத் தரையில் ணங்கென்று வைத்தது.

பிறகு மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சில் கிடந்தவர் மட்டும் இனி எந்தச் சத்தமும் தேவைப்படாதவராகக் கிடந்தார்.

தென்காசிக்கும் சுரண்டைக்கும் இடையே ஓடிய தனியார் பஸ் ஒன்றில் அவர் பதினெட்டு ஆண்டுகள் கண்டக்டராக இருந்தவர். விசில் வேண்டாத குரல் என்று டிரைவர்கள் சொல்வார்கள். முப்பிடாதிக்கு அமைந்த வரனும் அந்தப் பஸ்ஸில் ஏறி வந்ததுதான். வாரம் இருமுறை தென்காசிச் சந்தைக்கு வந்துபோகும் சுரண்டை மாரித்தாய், பள்ளிக்கூட வாத்தியாரான தன் மகனுக்குக் கண்டக்டர் மகளைத் தானாகவே கேட்டாள். நயா பைசாவில் டிக்கெட் கிழிக்கத் தொடங்கிய வருஷமே அவர் வேலையை விட்டார். முழங்கால் வலி என்று சொன்னார்கள். பஸ்ஸில் நின்று நின்று வந்த வலியை யார் சந்தேகிப்பார்கள்? தெருவே தைலம் கொண்டுவந்து கொடுத்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் அதை டி.பி. என்றார். ஊர் அதைக் காசம் என்று சொல்லும். காசம் இருந்த வீட்டில் பெண் எடுக்காது. நாகர்கோவில் பக்கம் அதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருப்பதாகச் சொல்லி, அங்கே சேர்வதற்கு டாக்டர் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஆறேழு மாதம் படுக்க வேண்டியிருக்கும், ஆனால் பிழைத்துக்கொள்வார் என்றார். முழங்கால் வலிக்கு ஏழு மாதம் யாரும் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை. நாச்சியார் கடிதத்தை நான்காக மடித்துப் புளிப்பானைக்குள் வைத்தாள். நிச்சயம் முடியட்டும் என்று நினைத்தாள்.

ஒப்பாரி மறுபடியும் எழுந்தது. அதன் மறைவில் செல்லச்சாமி வந்து நாச்சியார் அருகே குத்தவைத்தான்.

"மயினி, பத்து மணி பஸ்ஸுல சுரண்டைக்காரங்க துட்டி கேக்க வருதாங்க. நெஞ்சுவலின்னு சொல்லியாச்சு. தெருவுக்கும் அதான். மாத்திச் சொல்லிராதீங்க."

நாச்சியார் தலையை அசைத்தாள்.

"எச்சிப் படிக்கத்தையும் மருந்துக் குப்பியையும் கொல்லையில புதைச்சாச்சு."

தட்டத்தைப் பொறுக்க வந்த முப்பிடாதி அங்கேயே உட்கார்ந்தாள். "அந்தக் கம்பளி, சித்தப்பா?"

"அதுக்கென்ன?"

"பாய், தலையணையோட சேத்து அதையும் எரிச்சிருவோம்."

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? நெஞ்சுவலில செத்த மனுசன் கம்பளிய எதுக்குட்டி எரிக்கணும்? எறந்தவுக படுத்ததும் போத்துனதும் துணி வெளுக்குற சுடலிக்குப் போறது மொறை. எரிச்சா தெரு கேக்கும். தெரு கேட்டா சுரண்டை கேக்கும்."

"அவ இடுப்புல கைப்பிள்ளை இருக்கு."

செல்லச்சாமி அண்ணன் மகளைப் பார்க்காமல் மயினியைப் பார்த்தான். நாச்சியார் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவனுக்கு அது பதிலாகப் போதுமாயிருந்தது, எழுந்து போனான். முப்பிடாதி தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டத்தோடு உள்ளே போனாள்.

அந்தக் கம்பளி குற்றாலத்துக்கென்று வாங்கியது.

நிச்சயத்தைத் தென்காசி வீட்டில் வைத்தால் இருபது பேர் முன்னால் இரண்டு மணி நேரம் அவர் உட்கார வேண்டும். எத்தனை பாத்திரத்தைத்தான் கீழே போடுவது? யோசனை அவருடையதுதான். "குத்தாலத்துல வச்சிருவோம் நாச்சியா. சீசன் நேரம், அவங்களும் குளிச்ச மாதிரி ஆச்சு. பேரருவிக்குப் பக்கத்துல வீடு பிடிச்சிட்டா, நான் எம்புட்டு இருமுனாலும் அருவி பாத்துக்கிடும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று, முப்பிடாதி அம்மியைத் தட்டினாள். ஈரக்காற்று ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தது கணவன் மனைவி இருவருக்கும் நினைவிருந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை.

ஆனி மாதக் கடைசி வாரம் அது. மலையை மறைத்துச் சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. வாடகை வீட்டின் ஜன்னல்களைத் திறந்தால் அருவியின் இரைச்சல் அறைக்குள் ஓர் ஆள்போல வந்து நின்றது. திறந்த ஜன்னலை ஒட்டி அவரை உட்கார வைத்தார்கள். அருவிப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் இருமினார். வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். முழங்கால் வலிக்காரர் ஆகையால் நொண்டவும் வேண்டியிருந்தது. வரும்போது இடது காலை நொண்டியவர், தட்டு மாற்ற எழுந்தபோது வலது காலை நொண்டினார். முப்பிடாதி குனிந்தபடி, "ஐயா, எடது காலு" என்றாள். அவர் நடையிலேயே காலை மாற்றிக்கொண்டார். தகப்பனும் மகளும் சிரிப்பை அடக்க பட்ட பாட்டைப் பார்த்து, பெண் வெட்கப்படுகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் மகிழ்ந்தார்கள்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாரித்தாய் அதை ஆரம்பித்தாள்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு அருவியில நிக்காமப் போவலாமா சம்பந்தி? மூட்டுவலிக்கு இதவிட மருந்து உண்டுமா? எங்க அண்ணன் ரெண்டு சீசன் நின்னாரு. ஊனுன கம்ப அங்கனயே போட்டுட்டு வந்தாரு."

ஆண்கள் இருபுறமும் கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டார்கள். அவர் நாச்சியாரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சொல் போதும், அவருக்கு ஆகாது என்று. ஏன் ஆகாது என்று அடுத்த கேள்வி வரும். அருவி நீர் ஆகாத முழங்கால் எது?

"போயிட்டு வாங்க," என்றாள் நாச்சியார். "துண்டு எடுத்து வைக்கேன்."

அரை மணி நேரம் கழித்து அழைத்துவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது, பல் கிட்டியது. ஆனால் கண்களில் பல நாட்களாகக் காணாத ஒரு தெளிச்சி. கம்பளியைச் சுற்றிவிட அவள் குனிந்தபோது காதோரம் சொன்னார்:

"ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் நாச்சியா மனசார இருமுனேன். ஒரு பயலுக்குக் கேக்கல."

காய்ச்சல் அன்றே வந்துவிட்டது. நான்காம் நாள் படிக்கத்துச் சாம்பலில் சிவப்பைப் பார்த்தாள். ஆடி பிறந்ததும் ஒருநாள் அவர், "அந்தக் கடுதாசிய எங்கன வச்சிருக்க?" என்று கேட்டார். அவர் அதைப் பற்றிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"இருக்கு. எங்க போயிரப்போவுது? ஆவணி பத்துல கல்யாணம். பதினொண்ணாந்தேதி போயிருவோம்."

அவர் சரி என்று கண்களை மூடிக்கொண்டார். எங்கே இறங்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பழகியவர், தன் விஷயத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று விடியற்காலையில் இருமல் தொடங்கியது. பால்காரர் வாசலில் நின்ற நேரம். நாச்சியார் செம்பை எடுத்துக் கல் திண்டில் மோதினாள். இருமல் நீண்டது; அவளும் மோதிக்கொண்டே இருந்தாள். பால்காரர் போன பிறகுதான் நிறுத்தினாள். அப்போது அறை அமைதியாக இருந்தது. அந்த இருமல் எந்த இடத்தில் நின்றது, நிற்கும் முன் அதில் ஏதாவது சொல் இருந்ததா என்பது அவளுக்குக் கேட்கவில்லை.

சுரண்டைக்காரர்கள் பத்தரை மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை ஆண்களோடு வாசலிலேயே நின்றுகொண்டார். மாரித்தாய் உள்ளே வந்து நாச்சியாரைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதாள்.

"கால்வலிக்கார மனுசனுக்கு நெஞ்சுவலி எப்பிடிட்டி வந்துது?"

"திடீர்னுதான்," என்று நிலைப்படியிலிருந்து செல்லச்சாமி சொன்னான். "தண்ணி கேட்டாரு. கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

"அருவியில நின்னுட்டு வந்தப்ப மொகம் எப்பிடி இருந்துது. நாந்தான நிக்கச் சொன்னேன். இப்பமும் கண்ணுக்குள்ளயே நிக்குது." மாரித்தாய் மூக்கைச் சிந்தினாள். பிறகு நாச்சியாரின் தோளில் கையை வைத்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நீ ஒண்ணும் நெனைக்காத. ஆவணி இல்லாட்டா தையில. பேச்சு பேச்சுதான். தகப்பன் இல்லாத பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

நாச்சியார் அந்தக் கையின் கனத்தை உணர்ந்தாள். இரண்டு ஆண்டுகள் எதைக் காப்பதற்காகச் செம்பைத் தட்டினாளோ, அது இப்போது அவள் தோளில் இருந்தது. அழுகை வந்தது. எதற்கான அழுகை என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

உடலைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தாயிற்று. சங்குக்காரர் படியோரம் தயாராக நின்றார். பக்கத்து நடைவழியில் சுடலி இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பதை நாச்சியார் இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். செல்லச்சாமி பாயையும் தலையணையையும் அவள் முன் போட்டான். கம்பளியை உதறி மேலே போட்டான். வேண்டுமென்றே நாலுபேர் பார்க்கப் போட்டான்.

"புதுசால்லா இருக்கு," என்றாள் சுடலி. "சாரலுக்குப் பிள்ளைக்குப் போத்த ஆவும். புண்ணியவான், போகும்போதும் குடுத்துட்டுப் போறாரு." கம்பளியின் ஒரு முனையை எடுத்துப் பிள்ளையின் முதுகில் சுற்றினாள். பிள்ளை அதன் விளிம்பை வாயில் வைத்தது.

"சுடலி, அத எடு. கீழ போடு."

பெண்களின் நடுவே முப்பிடாதி எழுந்து நின்றிருந்தாள். ஒப்பாரி தயங்கியது. செல்லச்சாமி திரும்பினான்.

"எங்க ஐயாவுக்கு..." என்று அவள் தொடங்கினாள்.

"ஊதும்வே!" என்று செல்லச்சாமி சங்குக்காரரைப் பார்த்துக் கத்தினான்.

சங்கு எழுந்தது, சேகண்டியும் சேர்ந்துகொண்டது. முப்பிடாதியின் உதடுகள் அசைவது தெரிந்தது. சொல் ஒன்றும் கரை சேரவில்லை. இரண்டாவது சொல்லிலேயே அவள் நிறுத்திவிட்டாள். உட்காரவில்லை. சங்கையே பார்த்தபடி, ஒரு மனிதனின் மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்று அறிந்தவளாக நின்றாள். சங்கு இறங்கியது. சேகண்டி இரண்டு அடி தனியாக அடித்துவிட்டு ஓய்ந்தது. யாரும் ஒப்பாரியைத் திரும்பத் தொடங்கவில்லை.

அவள் மாரித்தாயைப் பார்த்துச் சொன்னாள். பஸ்ஸின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி ஊர்ப்பெயரைச் சொல்லும் குரல் அது. அவளிடம் அந்தக் குரல் இருப்பது நாச்சியாருக்கு அதுவரை தெரியாது.

"எங்க ஐயாவுக்கு முழங்கால் வலி கிடையாது. நெஞ்சுவலியும் கிடையாது. காசம். ரெண்டு வருசமா காசம். அந்தக் கம்பளி பிள்ளைக்கு ஆகாது."

சுடலி கம்பளியைக் கைவிட்டாள். அது ஈரத்தரையில் குவிந்து விழுந்தது. வாசலில் ஆண்களின் பேச்சு நின்றிருந்தது. நாச்சியாரின் தோளிலிருந்த மாரித்தாயின் கை விலகவில்லை, அழுத்தவுமில்லை. வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

"இன்னும் இருக்கு," என்றாள் முப்பிடாதி.

செல்லச்சாமி மயினியைப் பார்த்தான். அருகில் இருந்தது அவள்தான். நாச்சியாரின் கை அதற்குள்ளாகவே செம்பின் கழுத்தைப் பற்றித் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தியிருந்தது. மகளின் வாய் மறுபடி திறப்பதை அவள் பார்த்தாள். செம்பை மெதுவாகத் தாழ்த்தி, உள்ளே இருந்த நீர்கூட அசையாதபடி, சத்தமில்லாமல் தரையில் வைத்தாள்.