ஒரு சாண் உயர்ந்தவர்கள்

பதிவு அலுவலகத்தின் மேலாளர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கே இரண்டாம் மாடித் தண்ணீர்க் குழாயும் உடைந்ததால், எல்லாரும் முதலில் குழாயைத்தான் கவனித்தார்கள்.

அங்கே பிழைதிருத்தும் அக்காவின் கைங்கரியம் அது என்று பிறகுதான் தெரிந்தது. கறுப்புத் திரையில் அவள் ஒரே ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால், ஊர்ப் பதிவேட்டுக் கோப்பு முழுவதையும் கணினி ஒரு மூச்சில் படித்து, தனக்குத் தெரியாத சொற்களை வரிசையாகக் கக்கும். பாதிக்கு மேல் ஆட்களின் பெயர்கள். பெயரைத் தன் சொந்தச் சொற்பட்டியலில் அவள் சேர்த்துவிட்டால், மறுமுறை கணினி வாயே திறக்காது. அக்காவோ தன்னோடு பேச்சுவார்த்தை உள்ளவர்களை மட்டுமே சேர்த்தாள். விடுப்பு தர மறுத்த மேலாளருக்கு இடமில்லை. செவ்வாய்தோறும் கட்டளை ஓடியது. விடுபட்டவர்கள் செவ்வாய்தோறும் ஒரு சாண் ஏறினார்கள்.

ஊர் சமாளித்துக்கொண்டது. மேலாளர் கூரையில் தலை முட்டிய பிறகு ஒட்டடை அடித்தார், பரவாயில்லாமல் அடித்தார். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்ட அக்காவின் தங்கையும் பட்டியலில் இல்லை. திறந்த வெளியில் அவளுக்கு ஏது கூரை? புருஷன் அவள் இடுப்பில் கொடிக்கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். ரோஷத்தில் அக்காவும் தங்கையும் ஒரே அச்சு. முக்கால் வருஷம் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை மதியம் தங்கை இரண்டாம் மாடி ஜன்னலைத் தட்டினாள். கீழே புருஷன் கயிற்றின் நுனியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"நாளைக்குக் கயிறு பத்தாதுக்கா."

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பள்ளிக்கூட நாள் முதல் தங்கைக்குத் தலை வாரிவிட்டவள் அக்காதான்.

"கல்யாணத்தன்னைக்கு யாரு உனக்குத் தலை வாரிவிட்டது?"

"நானேதான். வகிடு கோணலாப் போச்சு."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து, தங்கையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பெயரைச் சேர்த்து, கட்டளையை மறுபடி ஓட்டினாள். திரையில் அந்தப் பெயர் வரவில்லை. தங்கையின் பாதம் தரையில் பட்டது. அக்கா மேசை இழுப்பறையிலிருந்து சீப்பை எடுத்தாள்.

வகிடு நேராகும்வரை மேலாளர் மேலே ஓரமாக ஒதுங்கி நின்றார். பிறகு, கேட்காமலே மூன்று நாள் விடுப்பு எழுதிக் கீழே நீட்டினார். உங்கள் பெயரையும் சேர்த்துவிடட்டுமா என்று அக்கா சங்கடத்தோடு கேட்டாள்.

"விடுப்பு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்மா," என்றார் அவர். "இன்னும் ரெண்டு மூலை பாக்கி இருக்கு."