ஊருக்கு வரும் சங்கிலி

‘இன்னைக்கு ஒரு நாளைக்காவது கறுக்காம இரு. நாளைக்கு பஸ் ஏறினதும் கழட்டிடுறேன்.’

ரொஷானி தன் கழுத்துச் சங்கிலியோடு மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், லூசியாவின் காம்பராவுக்குள் அடுப்புப் புகை அடைத்துக் கிடந்தது. வேர்வை பட்டால் கவரிங் பல்லிளித்துவிடும்.

அந்தச் சங்கிலி அவளுடையதும் இல்லை. கொழும்பை ஒட்டிய வத்தளையில் ஒரு சந்து இருக்கிறது. பூனாகலை, கொஸ்லந்தைத் தோட்டங்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அங்கே குடியேறியிருந்தார்கள். ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து அறையிலிருந்து கஞ்சி வரும். ஞாயிறு மாலைகளில் ஏதாவது ஓர் அறையில் ஜெபம் நடக்கும். அந்தச் சந்தில் எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக ஒரு சங்கிலி இருந்தது. ஊருக்குப் போகிறவள் அதைப் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போட்டுக்கொள்வாள். திரும்பி வந்ததும் பஞ்சில் சுற்றி அடுத்தவளிடம் கொடுத்துவிடுவாள். இப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் கூடிப் பேசியதில்லை. நன்றாக இருக்கிறோம் என்று ஊர் நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாணிக்கராஜ் காம்பராவின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சந்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் மாமா. வேலையும் அறையும் பிடித்துக் கொடுக்கிறவர். மாதா கோயில் திருநாளுக்கு ரொஷானியோடு ஒரே பஸ்ஸில்தான் வந்திருந்தார்.

“என்னா லூசியா இன்னும் யோசிக்கிறே? டொக்டர் வீடு. கைப்புள்ளய பாத்துக்கிறது மட்டுந்தான் வேல. பின்னேரத்துல கிளாஸுக்குக் கூட விடுவாங்க.”

“அதுக்கில்லண்ணே. ஓ.எல். பரீட்ச எழுதுற வரைக்கும் படிக்கட்டும்னு பாத்தேன். இப்பதான் பதினாலு முடிஞ்சிருக்கு.”

“பதினெட்டுன்னு சொல்லிக்கிட்டா போச்சு. வளத்தியான புள்ளதானே!”

பாலில்லாத சாயத் தண்ணியோடு வந்த லூசியாவின் மகள் நிலுக்ஷி களுக்கென்று சிரித்தாள். “அப்ப நடுவுல விட்ட நாலு பொறந்தநாள் கேக்கையும் அந்த வீட்டுலயே குடுப்பாங்களா மாமா?”

“வாயப் பாரு இவளுக்கு. கொழும்புல பொழச்சுக்குவா!”

லூசியா சிரிக்கவில்லை. மலைச்சரிவில் விழுந்து இடுப்பொடிந்த கணவன் உள்ளே படுத்திருந்தான். மழை இல்லாததால் கொழுந்தும் இல்லை. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் ‘பேர்’ என்பார்கள். பறித்த கொழுந்து குறித்த நிறைக்கு வராவிட்டால் அரைப் பேர்தான் விழும். இந்த மாதம் முழுக்க லூசியாவுக்கு அரைப் பேர்தான்.

“ரொஷானி, நீ சொன்னா அனுப்புறேன்” என்றாள் லூசியா. “நீ போனப்பவும் இவ வயசுதானே. ஒங்கப்பா செத்தப்போ வந்து கல்லறைகிட்ட நின்னே பாரு, ஒங் கழுத்துல இந்தச் சங்கிலி மின்னிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்தா இவள மாதிரி கொழும்புக்கு அனுப்பணும்னு அன்னைக்கே நெனச்சேன்.”

ரொஷானி சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு இவள் என் அப்பாவின் கல்லறையைப் பார்க்கவில்லையா? என் முகத்தைப் பார்க்கவில்லையா? கழுத்தை மட்டுமா பார்த்தாள்?

கொழும்பில் ரொஷானி வேலைக்குப் போன வீட்டில் அவளுக்கு முன் இருந்த பிள்ளையின் பெயர் ரஞ்சனி. புதுப் பெயர் வாயில் வராது என்று அவளையும் ரஞ்சனி என்றே கூப்பிட்டார்கள். அப்பா செத்த செய்தி காலையிலேயே போனில் வந்துவிட்டது. வீடு நிறைய விருந்தாளிகள். அவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் புறப்பட்டுப் போன பிறகுதான் அவளிடம் சொன்னார்கள். அவள் ஊர் வந்து சேர்ந்தபோது கல்லறை மண் காய்ந்திருந்தது. பஸ் ஏறும் வழியில் சந்துக்குப் போனபோது அங்கிருந்த பெண்கள்தான், அழுதுகொண்டு போகிறவள் வெறுங்கழுத்தோடு போகக்கூடாது என்று சங்கிலியை மாட்டி அனுப்பினார்கள். கேட்டவர்களிடமெல்லாம் “நல்லா இருக்கேன்” என்றாள்.

அவளை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டவர் மாணிக்கராஜ் மாமாதான். பின்னாளில் அங்கிருந்து வெளியே வந்தபோது அறை பிடித்து, தையல் கடையில் சேர்த்துவிட்டவரும் அவரேதான். யாரை வெறுப்பது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

“சொல்லும்மா” என்றார் மாணிக்கராஜ். “திருநாளும் அதுவுமா, ஒங் கையால அந்தச் சங்கிலிய புள்ள கழுத்துல போட்டு விடு. ஒன் ரூம் வாடகை பாக்கி விசயமும் நான் வீட்டுக்காரன்கிட்ட பேசிக்கிறேன்.”

ரொஷானி கொக்கியை அவிழ்த்தாள். நிலுக்ஷி ஆசையோடு வந்து பின்னலை ஒதுக்கிக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். ரொஷானி அந்தக் கழுத்தைத் தாண்டிப் போய்ச் சங்கிலியை மாமாவின் கையில் வைத்தாள்.

“லூசியாக்கா, இது கவரிங். என்னோடது கூட இல்ல. சந்துல ஊருக்கு வாற எல்லாரும் இதத்தான் போட்டுக்கிட்டு வாறோம்.” அவள் கழுத்தில் கறுப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது. “நான் வேலைக்குப் போன வீட்டுல என்னைய வேற ஒருத்தியோட பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அப்பா செத்ததக் கூட விருந்து முடிஞ்சுதான் சொன்னாங்க. இங்க ஒனக்கு அரைப் பேராவது போடுறாங்கக்கா. அங்க எனக்குப் பேரே இல்ல.”

நிலுக்ஷி நிமிர்ந்து பார்த்தாள்.

“ரொஷானி, ரூம்…” என்று இழுத்தார் மாணிக்கராஜ்.

“தெரியும் மாமா. நாம அங்க பொழைக்கிறோம், அது பொய்யில்ல. ஆனா பட்டதயெல்லாம் மறைச்சு, மினுக்கிக்கிட்டு வந்து நிக்கிறோம். அந்த மினுக்கத்தப் பாத்துத்தான் அடுத்த புள்ள பஸ் ஏறுது. படிக்கிற புள்ளய அடுத்தவங்க அடுப்படிக்கு அனுப்புறது பாவம். நல்லா இருந்தேன்னு பொய் சொல்லி அனுப்புறது அதவிடப் பெரிய பாவம்.”

“அப்ப நாளைக்கு அரிசிக்கு?” என்றாள் லூசியா. ஆனாலும் லூசியாவின் கை மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, விடவில்லை.

கோயில் மணி அடித்தது. மாதா சொரூபத்தின் சுற்று ஊர்வலம் புறப்படப் போகிறது. மாணிக்கராஜ் எழுந்து சங்கிலியை ரொஷானியிடம் நீட்டினார்.

“சரி, போனது போகட்டும். இதப் போட்டுக்க. ஊரே கூடியிருக்கு, வெறுங்கழுத்தோட போகாத.”

ரொஷானி முந்தானையால் கழுத்தை மூடப் போனாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

“வேணாம் மாமா.”