குடும்பத்தாருக்குத் தெரிவித்த பிறகு

1

இந்தக் கதை எனக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் கிடைத்தது. எதிர் சீட்டில் ஒரு பெண், போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு, அரசின் செய்தித் தொடர்பாளர் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து. பக்கத்தில் இருந்தவர் பொறுக்கமாட்டாமல், "இன்னாம்மா, அந்தாளு அப்படி இன்னாதான் சொல்லிட்டாரு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. அதான் பாத்துக்கினு இருக்கேன்," என்றாள்.

வண்டி நின்றதும் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டாள். மீதி முழுக்க என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று வேண்டும். செய்தித் தொடர்பாளருக்குத் தணிகாசலம் என்று பெயர் வைத்து, முதலில் இப்படி எழுதினேன்:

"உலக அரங்கில் தேசத்தின் குரலாக ஒலிக்கும் தணிகாசலம், பொதட்டூர்பேட்டை மண்ணில் பிறந்து—"

வேண்டாம். பாராட்டு விழா மலர் வாடை அடிக்கிறது. அடுத்தது:

"முதுகு அரித்தாலும் சொறியலாமா என்று மேலிடத்தைக் கேட்டுவிட்டுத்தான் தணிகாசலம்—"

இதுவும் வேண்டாம். எழுதும்போது நான் சிரித்தேன் என்பது உண்மை. ஆனால் கதை இருந்த இடத்திலேயே நிற்கிறது. மனிதர் கெட்டவரும் அல்ல. எங்காவது குண்டு விழுந்தால் "கவலை அளிக்கிறது" என்பார். நிறைய விழுந்தால் "ஆழ்ந்த கவலை அளிக்கிறது" என்பார். எத்தனை விழுந்தால் கவலைக்கு ஆழம் வரும் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.*

* விலைவாசியைக் கேட்டால் உலகச் சூழல் என்பார். உலகச் சூழலைக் கேட்டால் உள்நாட்டு வலிமை என்பார். இரண்டையும் சேர்த்துக் கேட்ட நிருபருக்கு அதன்பிறகு கேள்வி கேட்கும் முறை வரவே இல்லை.

3

சரி, ஷைனியிலிருந்து தொடங்குகிறேன். ரயிலில் பார்த்த பெண்ணுக்கு நான் வைத்த பெயர் அது.

ஷைனி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். புருஷன் அன்பு வெல்டர்; வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்குக் கிரேன் பழுதுபார்க்கப் போனவன். போன இடத்தில் சண்டை மூண்டது. (எந்த நாடு என்று கேட்காதீர்கள். தணிகாசலமும் "அந்தப் பிராந்தியம்" என்றுதான் சொல்வார்.) போன வாரம் அந்தத் துறைமுகத்தில் குண்டு விழுந்து, நம் ஆட்கள் சிலர் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. பெயர்கள் வரவில்லை. அன்பிடமிருந்து போனும் வரவில்லை.

ஷைனி அரசின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். "பெயர்களைச் செய்தித் தொடர்பாளர்தான் அறிவிப்பார், டிவி பாருங்கள்," என்றார்கள். டிவியில் தணிகாசலம் சொன்னார்: "பெயர்களைக் குடும்பத்தாருக்குத் தெரிவித்த பிறகே வெளியிடுவது நமது மரபு." மறுபடி உதவி எண். மறுபடி டிவி. இரண்டுக்கும் நடுவில் ஷைனி, போனும் கையுமாகக் கிடந்தாள். இதைக் கற்பனை செய்ய நான் கொஞ்சமும் சிரமப்படவில்லை. எனக்கு எரிச்சலே அதில்தான்.

கூட வேலை பார்க்கும் கங்கம்மாதான் சரியாகச் சொன்னாள். "பேஜாரா கீது ஷைனி. ஊட்டுக்குச் சொல்லாம டிவில சொல்லமாட்டானாம். டிவில சொல்லாம ஊட்டுக்குச் சொல்லமாட்டானாம். அப்போ அவன் யார்கிட்டதான் சொல்லுவான்?"

4

இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்தவேண்டும். நிஜத்தில் இதற்கு வாய்ப்பே இல்லை. ஆனால் கதை என்னுடையது. ஆகவே சிப்காட் முதலாளிகள் சங்கம் ஒரு விழா எடுக்கிறது. "நமது வெளியுறவும் நாட்டின் பெருமையும்" என்ற தலைப்பில் தணிகாசலம் உரை. கூட்டம் சேராதென்று தெரிந்து, ஷிப்ட் முடிந்தவர்களை வீட்டுக்கு விடாமல் புளிசாதப் பொட்டலம் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கைதட்ட வேண்டும் என்பதும் உத்தரவு.

கம்பெனியின் எச்.ஆர். விமல், கேள்விகளையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டான். சர்ச்சில் பைபிள் வாசிக்கும் குரல் என்பதால் ஷைனிக்கும் ஒன்று வந்தது. அவள் வீட்டு விஷயம் அவனுக்குத் தெரியாது.

"எக்ஸ்ட்ரா எதுவும் பேசாதீங்க சிஸ்டர். பேப்பர்ல கீறத மட்டும் படிச்சுட்டு உக்காந்துருங்க."

தணிகாசலம் பேசினார். சாரம் இதுதான்: நாம் யாருக்கும் பணியமாட்டோம், யாரையும் பகைக்கமாட்டோம், எல்லோரோடும் பேசிக்கொண்டிருக்கிறோம், என்ன பேசினோம் என்பதைச் சொல்வதற்கில்லை. கைதட்டல்.

ஷைனி மைக்கை வாங்கினாள். "உலகமே நம்மைத் திரும்பிப் பார்ப்பது பற்றி உங்கள் கருத்து?" என்றிருந்த தாளைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சார், எங்க ஊட்டுக்காரரு பேரு அன்பு. குண்டு உழுந்துச்சே, அந்தத் துறைமுகத்துல வெல்டரு. இருக்காரா, இல்லையா சார்?"

தணிகாசலம் முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டார். "சகோதரி, உங்கள் உணர்வுகளை அரசு முழுமையாக மதிக்கிறது. பெயர்களைப் பொறுத்தவரை, குடும்பத்தாருக்குத் தெரிவித்த பிறகே—"

"குடும்பத்தாரு நான்தான் சார். உங்க எதிர்லதான் நிக்கிறேன். தெரிவிங்க."

அவர் மேஜைமேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தார். பதில் முடிந்துவிட்டதென்று நினைத்துப் பின்வரிசையில் கைதட்டினார்கள்.

5

இனி முடிவு. அன்று காலையே தணிகாசலம் பெயர்களைப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மேடையை விட்டு இறங்கிவந்து, தாழ்ந்த குரலில் உண்மையைச் சொல்கிறார். எழுதிப் பார்த்தேன், எனக்கே அழுகை வந்தது. மறுநாள் அவருக்கு வேலை போய்விட்டது. முன் அனுமதி இல்லாமல் நேராகப் பேசினாராம்.

அல்லது, மைக்கைப் பிடுங்கி "இப்போது தேநீர்" என்று விமல் அறிவிக்கிறான். ஷைனியை மறுநாளே வேறு செக்‌ஷனுக்கு— இப்படித்தான் நடக்கும். நிச்சயமாக இப்படித்தான் நடக்கும் என்பதால் எழுதக் கை வரவில்லை.

அல்லது, அந்த நிமிடம் பார்த்து அவள் போன் அடிக்கிறது, அன்பு— அடச்சே, என்னை என்னவென்று நினைத்தீர்கள்?

6

இந்த இடத்தில் ஷைனி மேடையைப் பார்ப்பதை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு மேலிடத்துக்குப் பயந்துக்கினு சொல்லல. உங்களுக்கு இன்னா? உங்களுக்கு மேல யாரு கீறாங்க? நீங்கதான எழுதுறீங்க, உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். இரண்டாம் தடவை எழுதும்போதே அன்பின் கதி என்னவென்று முடிவு செய்துவிட்டேன். "பாரம்மா, கதையின் கட்டுக்கோப்பைக் கருத்தில்கொண்டு, உரிய நேரத்தில்—" என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே நாறியது. நிறுத்திவிட்டேன்.

அந்த ஆளைக் கேலி செய்யத்தான் இத்தனை பக்கம் வந்தேன். கடைசியில் அவர் பக்கத்து நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகவே வாசகரே, மைக் உங்களிடம். இருக்கிறார், இல்லை: ஒரு சொல் போதும். எதுவானாலும் நான் மறுப்பு வெளியிடமாட்டேன். காலையிலிருந்து நின்று வேலை பார்த்தவள். முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள். பிறகு சொல்லுங்கள்.