கிளட்ச் இல்லாத வண்டி

காலை ஏழு மணிக்கு இளங்கோவன் பட்டனை அழுத்தினார். வண்டி நாலு முறை 'டிக் டிக்' என்றது. எதிரே இருந்த சின்ன விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, மங்கி, அணைந்தன. மறுபடி அழுத்தினார். இந்த முறை அந்த 'டிக்' கூட இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மகன் சந்தோஷ்குமார் மஸ்கட்டிலிருந்து மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறான். கூட மனைவி ஷாரோன், மூன்று மாதக் கைக்குழந்தை. பேத்தியை இளங்கோவன் இன்னும் போன் திரையில்தான் பார்த்திருக்கிறார். "எம் பொண்ணு மொத மொதல்ல ஊருக்கு வர்றது உங்க கையாலதாம்பா வரணும், வேற எந்த டிரைவரும் வாணாம்" என்று மகன் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. வண்டி மகனுடையது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்பாவுடையது.

அவர் சாதாரண டிரைவர் இல்லை. அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். முசரவாக்கத்தில் அவர் தெருவில், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் அடுத்தவன் நிலத்தில் குனிந்து நாற்று நட்டவர்கள். முதலில் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு உயரத்தில் உட்கார்ந்தவர் இவர்தான். பத்து வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கொடுத்த பதக்கத்தைச் சந்தோஷ்குமார் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் வாத்தியாரிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

அப்பேர்ப்பட்டவருக்கு இந்த வண்டியை ஓட்ட வரவில்லை. சொன்னால் ஊரே சிரிக்கும். அதனால்தான் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டி ஆட்டோமேட்டிக். கியர் தானே மாறிக்கொள்ளும், கிளட்ச் கிடையாது, காலுக்குக் கீழே இரண்டே மிதி. எட்டு மாதத்துக்கு முன் மகன் இதை ஷெட்டில் விட்டுவிட்டுப் போகும்போது படித்துப் படித்துச் சொன்னான். சும்மா நிறுத்தி வைத்தால் பேட்டரி டவுன் ஆகிவிடும், வாரத்துக்கு ஒரு நாளாவது வெளியே எடுத்து அரை மணி, ஒரு மணி ஓட்டுங்கள் என்றான். முதல் ஞாயிற்றுக்கிழமையே இளங்கோவன் எடுத்தார். பஸ் ஸ்டாப் வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. முப்பத்தோரு வருஷமாகக் கிளட்சை மிதித்தே பழகிய இடது கால், அவரைக் கேட்காமலே எழுந்து, கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் பிரேக்கைக் கண்டுபிடித்து, அடிவரை மிதித்தது. வண்டி ஆணி அடித்தாற்போல நின்றது. பின்னால் டிவிஎஸ்ஸில் பால் கேனோடு வந்தவன் மண்ணில் சறுக்கி எப்படியோ தப்பித்து, இளங்கோவனின் தாயாரைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து மனைவி பட்டம்மாளிடம் வண்டியில் பிரேக் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

அன்றிலிருந்து வண்டி ஷெட்டை விட்டு நகரவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. டிப்போவில் காலையில் முதல் வேலை பஸ்ஸை ஸ்டார்ட் செய்து, பிரேக்குக்கு ஏர் ஏறும் வரை உறும விட்டு, ஹெட்லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் போட்டுப் பார்ப்பது. அதே முறைப்படி தினமும் ஏழு மணிக்கு அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி, விளக்கை எல்லாம் எரியவிட்டு, ஹாரன் அடித்து, டயரை ஒரு தட்டுத் தட்டி அணைத்துவிடுவார். இந்த வண்டிக்கு ஏற்றுவதற்கு ஏர் என்று எதுவும் கிடையாது. இருந்தாலும் கை கேட்கவில்லை.

மகன் வாரா வாரம் போனில், வண்டி எடுத்தீர்களா என்று கேட்பான். எடுத்தேன் என்பார். ஸ்டார்ட் பண்ணினாலும் 'எடுத்தது'தான், ஊருக்கு ஓட்டிப்போனாலும் 'எடுத்தது'தான், அதனால் அது பொய்யில்லை என்று மனதுக்குள் ஒரு கணக்கு. எவ்வளவு தூரம் என்று அவன் கேட்டபோதுதான் வாய், பக்கத்து ஊரான கூரம் வரைக்கும் என்றது. பிறகு வாலாஜாபாத். முழுப் பூசணிக்காயை வாரத்துக்கு ஒன்றாகச் சோற்றில் மறைத்துக்கொண்டு வந்தார்.

இப்போது வண்டி செத்துக் கிடந்தது. அவருக்குத் தோன்றிய முதல் யோசனையும் டிப்போ யோசனைதான். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, செகண்ட் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் எடுத்துக்கொள்ளாதா? எழுந்து தெருவரை போனவர், விடுவதற்குக் கிளட்ச் எங்கே இருக்கிறது என்று நினைவு வந்து, அப்படியே நின்றார். வெட்கமாக இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் பேட்டரி கடை வைத்திருக்கும் பரசுராமனுக்குப் போன் போட்டார். அவன் ஸ்கூட்டரில் காலடியில் ஒரு பேட்டரியும் தோளில் தடித்த வயருமாக அரை மணியில் வந்தான். பானெட்டைத் திறந்தான், மீட்டரை வைத்துப் பார்த்தான், எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டான். தினமும் தவறாமல் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுவேன் என்று இளங்கோவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"அதாண்ணா கெடுத்துது" என்றான் பரசுராமன். "ஸ்டார்ட் பண்றதுக்கே ஒரு சொம்பு மொண்டுடுது. நீங்க லைட்ட வேற போட்டுட்டு, அஞ்சு நிமிஷத்துல ஒரு டம்ளர்தான் திருப்பி ஊத்தறீங்க. கொடம் காலியாவாம இன்னா பண்ணும்? சும்மா வுட்டிருந்தாகூட இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்கும்."

எட்டு மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது பேட்டரியைக் கொல்வதற்குத்தான் என்று இளங்கோவனுக்கு அப்போதுதான் புரிந்தது. புதிதாக வாங்கிவிடலாமா என்றார். இந்த வண்டிக்கான பேட்டரி சென்னையிலிருந்து வர வேண்டும், நாளை மாலை ஆகும் என்றான். கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் நிதானமாகச் சார்ஜ் ஏற்றினாலும் நாளை மத்தியானம்தான். பிறகு அவனே தன் பேட்டரியிலிருந்து வயரைப் பூட்டி, பட்டனை அழுத்தினான். வண்டி ஒரு முறை முனகிவிட்டு எடுத்துக்கொண்டது.

"இப்ப ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க. அப்படியே ரோட்டுக்கு எடுத்துக்கினு போயி ஒரு மணி நேரம் ஓட்டுங்க. நடுவுல ஆஃப் பண்ணா திரும்ப எடுக்காது. சாயங்காலம் வந்து சின்ன சார்ஜர் ஒண்ணு மாட்டி வுடறேன், ராத்திரி பூரா ஏறட்டும், காலைல ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிடலாம்" என்றவன், வயரைச் சுருட்டிக்கொண்டே, "உங்களுக்கா நான் ஓட்டறதப் பத்திச் சொல்லணும்" என்று சிரித்தான்.

நீயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாயேன் என்ற வார்த்தை இளங்கோவனின் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டார். பரசுராமன் போய்விட்டான். ஷெட்டில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டுப் பட்டம்மாள் வந்து கதவருகே நின்றாள். வேறு வழியில்லாமல் அவளிடம் சொன்னார், இடது கால் என் பேச்சைக் கேட்பதில்லை என்று. அவள் ஆச்சரியப்படவில்லை.

"எட்டு மாசமா கூரம் போறேன் கூரம் போறேன்னு போன்ல சொல்லிக்கினு இருந்தீங்க. ஒரு நாளாவது டயர்ல மண்ணு ஒட்டியிருந்துதா?" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "எடுங்க. அந்தக் கால நான் புடிச்சிக்கறேன்."

சாய்ந்து அவர் முழங்காலைப் பிடிக்க பெல்ட் தடுத்தது. போடாவிட்டால் வண்டி விடாமல் கத்தியது. பெல்ட்டைத் தன் முதுகுக்குப் பின்னால் மாட்டி அதன் வாயை அடைத்தாள். இளங்கோவன் மூச்சை இழுத்துப் பிடித்து வண்டியை வெளியே விட்டார்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் முழங்கால் துள்ளியது. ஒவ்வொரு முறையும் பட்டம்மாள் இரண்டு கையாலும் அழுத்தி, இல்லை இல்லை என்று மெல்லச் சொன்னாள். எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர், பழைய டிப்போக்காரர், இவரைப் பார்த்து ஹாரன் அடித்துக் கையைத் தூக்கினார். இளங்கோவனும் தூக்கினார். தூக்கிய கையைத் திரும்ப ஸ்டியரிங்கில் வைப்பதற்குள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. ஊரைத் தாண்டி, கூரம் வரை போய், திரும்பினார்கள். போகப் போகத் துள்ளல் குறைந்தது. திரும்பும்போது ஒரு லாரியைக்கூடத் தாண்டினார். நாற்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. பரசுராமன் கடை வழியாகப் போய் அவனுக்கு வண்டியைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று அவருக்கே தோன்றியது. அவ்வளவு தைரியம் வந்திருந்தது. பட்டம்மாளும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, குழந்தைக்கு எந்தச் சொக்காய் போட்டுக் கூட்டி வருவார்களோ என்று பேசிக்கொண்டு வந்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு சின்னத் தெருவுக்குள் திரும்பினார். தெரு நெடுகத் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டி, ஆணும் பெண்ணுமாக ஆறேழு பேர் இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆள் பத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

வலது கால் சரியாகத்தான் பிரேக்குக்குப் போனது. ஆனால் இடது கால் அவள் கையை உதறிக்கொண்டு எழுந்து, அதன் மேலேயே முழு பலத்தோடு இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. பட்டம்மாள் முன்னால் போய் டேஷ்போர்டில் நெற்றியை மோதிக்கொண்டாள்.

பாவருகே நின்ற ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு இழைகூட அறவில்லை. எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒரு பெண் ஈரத்துண்டைக் கொண்டுவந்து பட்டம்மாளின் நெற்றியில் வைத்தாள். ரத்தம் இல்லை. பொட்டுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். "ஒண்ணுமில்லங்க" என்றாள் பட்டம்மாள். "நீங்க கெளப்புங்க. இன்னும் கால் மணிதான் பாக்கி. ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க."

இளங்கோவன் அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அந்த மடியில் மூன்று மாதக் குழந்தை இருக்கும். பட்டனை அழுத்தி வண்டியை அணைத்தார்.

பட்டம்மாள் ஐயோ என்றாள். அவர் தெருவிலேயே இறங்கி நின்று மகனுக்குப் போன் போட்டார்.

"சந்தோஷு, நாளைக்கு நான் வண்டி எடுத்துக்கினு வரலபா. நீ ஒரு டாக்ஸி புடிச்சிக்க."

அந்தப் பக்கம் பதறிப்போனான் மகன். "ஏம்பா, வண்டிக்கு இன்னா? பேட்டரி டவுனா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய்யும் இல்லை. இப்போது பட்டனை அழுத்தினால் வண்டி எடுக்காது, பரசுராமனே சாட்சி சொல்வான். முப்பத்தோரு வருஷப் பேரும் அப்படியே இருக்கும். ஆனால் இந்தப் பேட்டரி நாளைக்கே தேறிவிடும். நாளை மறுநாள் கோயிலுக்கு, அடுத்த நாள் தடுப்பூசிக்கு என்று மகன் சாவியை எடுத்து அவர் கையிலேதான் கொடுப்பான். கண்ணாடிக்கு உள்ளே பட்டம்மாள் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நல்லா இருக்குதுபா" என்றார் இளங்கோவன். "டிரைவர்தான் சரியில்ல."

இளங்கோவன் பாவுக்காரர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்று, முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒன்று விடாமல் சொல்லத் தொடங்கினார்.